சிரிப்பு என்று நினைத்தோம்

ரண ஜன்னி கண்டவர்கள் முதலில் சிரிப்பதுபோலத் தெரிவார்கள். படிக்கிறவர்களில் யாருக்காவது என்றைக்காவது உதவலாம் என்பதால் இதை முதலிலேயே எழுதிவிடுகிறேன். வாய் இரண்டு பக்கமும் இழுத்துக்கொள்ளும். புருவம் மேலே ஏறும். பல் தெரியும். அது சிரிப்பு அல்ல, தாடைத் தசைகள் இறுகிப் பூட்டிக்கொள்வதன் தொடக்கம். அப்படி ஒரு முகத்தைப் பார்த்தால் ஓடிப்போய் டாக்டரைக் கூப்பிட வேண்டும். நாங்கள் இரண்டு பெண்கள் கட்டிலின் இரு பக்கமும் நின்று அதைப் பார்த்துச் சந்தோஷப்பட்டோம்.

ஒருத்தி செல்லையனின் மனைவி பகவதி. மற்றவள் நான். செல்லையன் எங்கள் ஊர்ப் பகுதிக் கச்சேரியில், அதாவது வரி ஆபீஸில், பியூன். அவரைச் சுட்டது என் மகன் தாணு.

வழக்கைப் பற்றி என்னிடம் எல்லோரும் கேட்டாகிவிட்டது. துப்பாக்கி எங்கிருந்து வந்தது, வெடிமருந்து யார் கொடுத்தது, பின்னால் எந்தக் கட்சி என்று கேட்டார்கள். ஆஸ்பத்திரியைப் பற்றி ஒருவரும் கேட்கவில்லை. எனக்கோ கோர்ட்டு இப்போதே மங்கிவிட்டது. ஆஸ்பத்திரி வராந்தாவின் சிமெண்டுத் தரை மட்டும் இன்னும் முதுகில் குளிர்கிறது.

தாணு நல்ல பிள்ளை என்று எழுத எனக்கு உரிமை இல்லை. நடந்ததை எழுதுகிறேன். பழைய மகாராஜா ஒருவர் நாட்டையே பத்மநாபசுவாமியின் காலடியில் வைத்து, ஆள்கிறவன் அவனே, நானும் என் வழிவந்தவர்களும் அவன் தாசர்கள் என்று ஒப்புக்கொடுத்தது எங்கள் பக்கத்தில் பள்ளிப் பாடம். நான் நடுநிலைப் பள்ளி ஆசிரியை. நாலாம் வகுப்புக்கு அந்தப் பாடத்தை நானே நடத்தியிருக்கிறேன், என் மகன் முன் வரிசையில் உட்கார்ந்து கேட்டிருக்கிறான். திருவாங்கூரும் கொச்சியும் ஒன்றாகி, ராஜாவின் இடத்தில் மந்திரிகள் வந்து உட்கார்ந்தபோது அவனுக்கு ஒரே ஒரு கேள்விதான் இருந்தது.

"சாமிகிட்ட யாரு கேட்டா?"

நான் சிரித்தேன். என் தம்பியும் சிரித்தான். தாணு கட்சிக்காரர்களிடம் போய்க் கேட்டான், அவர்களும் சிரித்தார்கள். கொஞ்ச நாளில் அவன் யாரிடமும் கேட்பதை விட்டுவிட்டான். எங்கள் ஊரில் முதல் கதிரை நல்ல நாள் பார்த்து வீட்டு நிலையில் கட்டிய பிறகே புது நெல்லைத் தொடுவோம். மழைக்குப் பயந்து முன்கூட்டியே அறுத்த வருஷம் அது. கதிர் கட்டும் நாளுக்கு முன்பே கச்சேரி ஆட்கள் வந்து களத்து நெல்லில் சர்க்காருக்குச் சேர வேண்டியதை அளந்து சாக்கில் கட்டிக்கொண்டு போனார்கள். தாணு களத்தின் ஓரத்தில் கைகட்டி நின்றான். நான் அதை அடக்கம் என்று எடுத்துக்கொண்டேன்.

பிறகு கச்சேரிக்கு ஒரு நோட்டீஸ் எழுதினான். இறைவனுடைய நிலத்தில் அனுமதியில்லாமல் இருப்பவர்கள் உடனே காலி செய்ய வேண்டும் என்று அதில் எழுதியிருந்தான். என்னிடம் காட்டினான். நான் சிவப்பு மையில் இரண்டு ஒற்றுப்பிழை திருத்தி, கையெழுத்து நன்றாக இருக்கிறது என்று சொல்லித் திருப்பிக் கொடுத்தேன். எழுதுகிறவன் அடிக்க மாட்டான் என்று நினைத்தேன். எங்களைப் போன்ற டீச்சர்களுக்கு உள்ள மூடநம்பிக்கை அது.

துப்பாக்கி அவனுடைய அப்பாவினுடையது. மலையடிவாரத்து வாழைத் தோட்டத்தில் பன்றி விரட்ட லைசென்ஸ் வாங்கிய நாட்டுத் துப்பாக்கி. மருந்தையும் ஈயக் குண்டையும் குழல் வாய் வழியே இடித்து நிரப்ப வேண்டும். அவர் இறந்த பிறகு பரணில் கிடந்தது. அதைக் கச்சேரியில் ஒப்படைத்துவிடும்படி பார்வத்தியக்காரர், அதாவது வரி வாங்கும் அதிகாரி, சொல்லி அனுப்பியிருந்தார். சொல்ல வந்தவர் செல்லையன்தான். "ஆகட்டும்" என்றேன். இன்னொரு தடவையும் வந்தார். அப்போதும் "ஆகட்டும்" என்றேன். துடைத்து எண்ணெய் போட்டுக் கொடுக்கலாம், கணவரின் பொருளைத் துருவோடு கொடுப்பானேன் என்று எனக்கு ஒரு கௌரவம்.

பள்ளிக்கூடமும் கச்சேரியும் ஒரே தெருவில் இருக்கின்றன. முதல் சத்தம் கேட்டபோது "கோயில்ல வெடி போடுதாவ" என்று பிள்ளைகள் கூவினார்கள். இரண்டாவது சத்தம் வெடி போல இல்லை, இரும்பு கிழிந்ததுபோல இருந்தது. நான் சாக்பீஸைக் கையிலேயே வைத்துக்கொண்டு ஓடினேன்.

முதல் குண்டைக் கச்சேரியின் பெயர்ப் பலகைமேல் சுட்டிருக்கிறான். உள்ளே இருந்தவர்கள் கொல்லைப் பக்கமாகக் குதித்து ஓடிவிட்டார்கள். செல்லையன் மட்டும் வாசலில் நின்றிருக்கிறார். பியூன்கள் தோளில் குறுக்காகப் போடும் பட்டையில் பித்தளை வில்லை ஒன்று இருக்கும், அதில் பத்மநாபனின் சங்கு பொறித்திருக்கும். ராஜா போன பிறகும் எங்கள் கச்சேரியில் பழைய வில்லையை மாற்றவில்லை. தாணு மறுபடியும் மருந்து இடித்து நிரப்பிக்கொண்டே அதைக் கழற்றச் சொன்னானாம்.

"அது சாமிக்க சங்கு. ஒங்க கெவர்மெண்டுக்கு அதுல பாத்தியம் இல்ல. கழத்தும்."

"வெளையாடாதீங்க தம்பி. டீச்சரம்மா கேட்டா வருத்தப்படுவாவ" என்று சொல்லி, செல்லையன் இரண்டு உள்ளங்கையாலும் வில்லையை மூடிக்கொண்டாராம். மருந்து இடிக்கிற நேரத்துக்குள் அவர் தெருக்கோடிக்குப் போயிருக்கலாம். போகவில்லை.

தாணு தாழ்த்திச் சுட்டான். ஈயக் குண்டும் ஆணித் துண்டுகளும் செல்லையனின் வலது தொடையிலும் இடுப்பிலும் ஏறின. அதே நொடியில் பழைய குழல் பிளந்து தாணுவின் இடது கையைக் கிழித்தது.

நான் போனபோது இரண்டு பேரும் தரையில் கிடந்தார்கள். யாரிடம் முதலில் போனீர்கள் என்று வக்கீல் பிற்பாடு கேட்டார். செல்லையனிடம் என்றேன். அதை எல்லோரும் என் பெருந்தன்மை என்று எடுத்துக்கொண்டார்கள். என் மகனைப் பார்க்க முடியாமல் அந்தப் பக்கம் திரும்பினேன், அவ்வளவுதான்.

கச்சேரிக்குப் பின்னாலிருந்த வீட்டிலிருந்து பகவதி ஓடிவந்தாள். இரத்தத்தைப் பார்த்ததும் அவள் கத்தியது ஒன்றே: "மண்ணு இடுங்க டீச்சரம்மா, மண்ணு இடுங்க!"

எங்கள் தெருக்கோடியில் ஒரு நாகர் புற்று உண்டு. அந்த மண்ணை மஞ்சள் துணியில் முடிந்து எல்லா வீட்டிலும் வைத்திருப்போம். பிள்ளை விழுந்தாலும் மாடு முட்டினாலும் அதைத்தான் குழைத்துப் பூசுவோம். பள்ளிக்கூடத்தில் என் மேசையிலும் இருந்தது. எடுத்துவரச் சொல்லி, தண்ணீரில் குழைத்து, தொடைக் காயத்தில் அழுத்தி அடைத்து, என் சேலை முந்தியைக் கிழித்துக் கட்டினேன். இரத்தம் நின்றது. சுற்றி நின்றவர்கள் தலையாட்டினார்கள்.

நெல் ஏற்ற வந்த சர்க்கார் லாரி தெருவில் நின்றது. அளந்த நெல்சாக்குகளின் மேலேயே இரண்டு பேரையும் கிடத்திப் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். பகவதி தன் கணவரின் தலையை மடியில் வைத்திருந்தாள். நான் என் மகனின் தலையை வைத்திருந்தேன். ஒரே சாக்கில் சாய்ந்துகொண்டு நாங்கள் ஒருவரையொருவர் பார்க்காமல் போனோம்.

ஆஸ்பத்திரியில் செல்லையனை எக்ஸ்ரே எடுத்தார்கள். டாக்டர் படத்தை வெளிச்சத்துக்கு நேரே பிடித்துக் காட்டினார். தொடை எலும்பைச் சுற்றிக் கடுகு சிதறியதுபோல வெள்ளைப் புள்ளிகள். எலும்பு முறியவில்லை, பெரிய இரத்தக்குழாய் தப்பிவிட்டது என்றார். மேலே தெரிந்த குண்டுகளை எடுத்துவிட்டு, ஆழத்தில் இருப்பதை அப்படியே விட்டுவிட்டார்கள். ஈயம் சும்மா கிடக்கும், தோண்டினால்தான் கெடுதல் என்றார். காயத்தைக் கழுவி, ரண ஜன்னி வராமலிருக்கத் தடுப்பு ஊசியும் போட்டார்கள். அது எல்லாருக்கும் எப்போதும் தடுத்துவிடும் என்று சொல்ல முடியாது என்பதைப் பிறகு தெரிந்துகொண்டேன்.

தாணுவின் இடது கையில் மூன்று விரல்களை எடுத்துவிட்டார்கள். அவனை வராந்தாக் கடைசியில் ஓர் அறையில் போட்டு வாசலில் போலீஸ்காரரை உட்கார வைத்தார்கள். செல்லையனுக்கு நீள வார்டில் கட்டில். இரண்டுக்கும் நடுவே, வராந்தாத் தூணடியில் நான் இருந்தேன்.

என் தம்பி கொட்டாரம் ஊரிலிருந்து பஸ்ஸில் சாப்பாடு கொண்டுவருவான். அவன் என்னோடு அதிகம் பேசமாட்டான். தாணுவின் அறைக்குள் ஒரு தடவைகூட எட்டிப் பார்க்கவில்லை. ஆனால் முதல் நாளிலிருந்தே இரண்டு தூக்குச்சட்டி கொண்டுவந்தான். ஒன்றை என் பக்கத்தில் வைத்துவிட்டு, மற்றதை வார்டு வாசலில் பகவதி கண்ணில் படும்படி வைத்துவிட்டுப் போவான். அவள் தொடமாட்டாள். சாயங்காலம் வந்து நிறைந்த சட்டியைத் திருப்பி எடுத்துக்கொண்டு போவான். மறுநாள் மறுபடியும் கொண்டுவருவான். எனக்கு அவமானமாக இருந்தது. "எதுக்குடா?" என்றால், "வச்சிட்டுப் போறேன். எடுக்காட்டா நான் தின்னுக்கிடுதேன், ஒனக்கென்னா?" என்பான்.

செல்லையன் முதலில் நன்றாகத்தான் இருந்தார். எழுந்து சாய்ந்து உட்கார்ந்தார். என்னைக் கண்டால் படுத்தபடியே கும்பிடுவார். அந்தக் கும்பிடுதான் எனக்குத் தாங்கவில்லை. பிறகு ஒருநாள் காலையில் கழுத்து பிடித்துக்கொண்டது என்றார், தலையணை சரியில்லை என்று பகவதி துணியை மடித்து வைத்தாள். கஞ்சியை விழுங்கச் சிரமப்பட்டார். மறுநாள் நான் வராந்தாவில் இருந்தபோது அவளே என்னிடம் ஓடிவந்தாள். லாரியில் ஏறியதிலிருந்து அவள் என்னிடம் பேசிய முதல் வார்த்தை அது.

"டீச்சரம்மா, இங்கன வாருங்களேன். அவிய சிரிக்காவ!"

போய்ப் பார்த்தேன். சிரித்துக்கொண்டுதான் இருந்தார். உதடு அகன்று, பல் தெரிய, கண்ணில் நீரோடு. மனம் இளகிச் சிரிக்கிறார், மன்னித்துவிட்டார் என்று எனக்குத் தோன்றியது. அப்படித் தோன்றியதை இங்கே எழுதத்தான் வேண்டும். நானும் திரும்பிச் சிரித்தேன்.

மருந்துத் தட்டோடு வந்த மலையாள சிஸ்டர் அந்த முகத்தைப் பார்த்துவிட்டுத் தட்டை அப்படியே ஜன்னல் திண்டில் வைத்தாள். செல்லையன் வாயில் விரல் நுழைத்துப் பார்த்தாள். விரல் போகவில்லை.

டாக்டர் எங்கள் இருவரையும் வெளியே நிறுத்திச் சொன்னார். ரண ஜன்னிக்கு இங்கிலீஷில் டெட்டனஸ் என்று பெயர். ஆழமான காயத்துக்குள் காற்றுப் படாத இடத்தில் ஒரு கிருமி வளர்ந்து விஷத்தை விடுகிறது. அந்த விஷம் நரம்பில் ஏறினால் தசைகள் கட்டளை இல்லாமலே இறுகும். முதலில் தாடை, பிறகு கழுத்து, பிறகு முதுகு. மூச்சு வாங்கும் தசைக்கு வந்தால் கஷ்டம். குதிரையின் இரத்தத்திலிருந்து எடுக்கும் மாற்று மருந்தை ஊசியாகப் போடுவோம், பெனிசிலின் போடுவோம், தூங்க வைப்போம். பாக்கி, விஷம் தானாக இறங்கும் வரை அவர் தாங்க வேண்டும்.

"கிருமி எங்கேயிருந்து வரும் டாக்டர்?" என்று கேட்டேன்.

"மண்ணிலிருந்து. சாணத்திலிருந்து. துருப்பிடித்த ஆணி மண்ணில் கிடந்திருந்தால் அதிலிருந்து. இவருக்கு எதிலிருந்து என்று யாராலும் சொல்ல முடியாது."

அவர் போய்விட்டார். நான் திரும்பினேன். பகவதி மடியிலிருந்து மஞ்சள் முடிச்சை எடுத்து அவிழ்த்துக்கொண்டிருந்தாள். அதே மண். வீட்டிலிருந்து கொண்டுவந்து மடியிலேயே வைத்திருந்திருக்கிறாள்.

"கட்டுக்கு மேலயாவது கொஞ்சம் இட்டு விடுதேன். சிஸ்டரு பாக்காண்டாம், நீங்க கொஞ்சம் மறைஞ்சு நில்லுங்கோ."

அவள் கையைப் பிடித்தேன். "வேண்டாம் பகவதி. இந்த மண்ணுலேந்தே வந்திருக்கலாம்."

"எது?"

"இந்தச் சீக்கு. மண்ணுலதான் அந்தக் கிருமி இருக்குன்னு டாக்டர் இப்பம் சொன்னாருல்லா. நான்தான் உள்ள வச்சு அடைச்சேன்."

அவள் முடிச்சைப் பார்த்தாள். கட்டிலைப் பார்த்தாள். என்னைத் திட்டுவாள், அடிப்பாள் என்று காத்திருந்தேன். அடித்திருந்தால் எனக்குக் கொஞ்சம் நிம்மதியாக இருந்திருக்கும்.

"இடச் சொன்னது நாந்தாம்லா" என்றாள். பிறகு துணியைத் திரும்ப இறுக்கி முடிந்து என் கையில் வைத்தாள். "நீங்களே கொண்டுபோயி புத்துல இட்டிருங்கோ. எங்கயும் எறியாண்டாம். சாமிக்க மண்ணு."

செல்லையனை நீள வார்டிலிருந்து ஒரு தனி அறைக்கு மாற்றினார்கள். ஜன்னலைச் சாத்திக் கருப்புத் துணி தொங்கவிட்டார்கள். இந்த நோய்க்கு வெளிச்சமும் சத்தமும் ஆகாது. கதவு கிறீச்சிட்டால், டம்ளர் விழுந்தால், யாராவது கட்டிலை இடித்தால், உடம்பு வில் போல வளையும். தலையின் பின்புறமும் குதிகாலும் மட்டுமே மெத்தையில் படும். நினைவு தெளிவாகவே இருக்கும், அதுதான் கொடுமை. மூக்கு வழியே குழாய் விட்டுக் கஞ்சித் தெளிவும் பாலும் ஊற்றினார்கள். "ஒரு சத்தமும் பாடில்ல, கேட்டோ" என்று சிஸ்டர் ஒவ்வொருவரிடமும் உதட்டில் விரல் வைத்துச் சொன்னாள். பகவதி வளையல்களைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டாள். நான் ஆஸ்பத்திரி முழுக்க வெறுங்காலோடு நடந்தேன்.

காலியாக இருந்த ஒரே தனி அறை தாணுவின் அறைக்கு அடுத்தது.

தாணு காய்ச்சலில் கிடந்தாலும், சர்க்கார் ஆள் யாரைக் கண்டாலும் எழுந்துவிடுவான். வாக்குமூலம் வாங்க இன்ஸ்பெக்டர் வந்த அன்று சுவர் அதிரக் கத்தினான்.

"ஒங்க கோர்ட்டு எனக்குக் கோர்ட்டில்ல! சாமி கேக்கட்டும், சாமிக்குப் பதில் சொல்லுதேன்! நீங்க யாருவே கேக்கதுக்கு?"

அடுத்த அறையில் இரும்புக் கட்டில் தடதடவென்று ஆடியது. சிஸ்டர் ஓடினாள். கொஞ்ச நேரம் கழித்துப் பகவதி வெளியே வந்தாள். முகமெல்லாம் வேர்வை. குரலே எழுப்பாமல் சொன்னாள்:

"ஒங்க மகன் இன்னும் சுட்டுக்கிட்டுத்தான் இருக்கான் டீச்சரம்மா."

நான் அவன் அறைக்குள் போனேன். போலீஸ்காரர் தடுக்கவில்லை.

"மக்கா, சத்தம் போடாதே."

"எனக்க வாயையும் பூட்டணுமா? கெவர்மெண்டு சொல்லி அனுப்பிச்சா?"

"பகவதி சொல்லி அனுப்பினா."

"நான் அவரச் சுடல்லம்மா. சங்கத்தான் கேட்டேன். குடுத்திருந்தா நான் போயிருப்பேன்."

போலீஸ்காரரிடம் கெஞ்சி அவனை வராந்தாவுக்குக் கூட்டிவந்து, அடுத்த அறையின் சாத்திய ஜன்னலுக்கு வெளியே நிறுத்தினேன். ரொம்ப நேரம் நிற்க வேண்டியிருக்கவில்லை. தூரத்தில் எங்கோ லாரி ஹார்ன் அடித்தது. உள்ளே கட்டில் ஆடத் தொடங்கியது. பல் நெரிபடும் சத்தம். மூக்கு வழியாக மட்டும் வரும் ஒரு முனகல், வாயைத் திறக்க முடியாதவனின் முனகல். அது அடங்கும்வரை நாங்கள் நின்றோம்.

"கட்டில யாரு ஆட்டுதா?" என்று கேட்டான், மெல்ல.

"யாரும் ஆட்டல்ல. சத்தம் கேட்டா ஒடம்பு தானா வளையும். காலைல நீ கத்துனதுக்கும் இப்பிடித்தான்."

அவன் உள்ளே போய்ச் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டான். மறுநாள் கைக்கு மருந்து வைத்துக் கட்ட வந்தபோது, வலிக்கும் முன்பே துண்டை எடுத்து வாயில் திணித்துக் கடித்துக்கொண்டான். இன்ஸ்பெக்டர் மறுபடியும் வந்தார். தாணு தலையை மட்டும் ஆட்டினான். மனம் மாறிவிட்டான் என்று எழுதினால் படிக்க நன்றாக இருக்கும். மாறவில்லை. கோர்ட்டிலும் அதையேதான் சொன்னான். ஆனால் யாருக்கும் கேட்காத குரலில் சொன்னான். ஜட்ஜி அவனை உரக்கப் பேசும்படி இரண்டு மூன்று தடவை சொல்ல வேண்டியிருந்தது.

அந்த நாட்களில் நான் எப்போதும் கும்பிட்டுக்கொண்டே இருந்தேன். தூணில் சாய்ந்து, கண்ணை மூடி, உதடு அசையாமல். ஒரு மத்தியானம் பகவதி வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"யாருக்குக் கும்பிடுதியோ டீச்சரம்மா? எங்க வீட்டுக்காரருக்கா, ஒங்க மகனுக்கா?"

"ரெண்டு பேருக்கும்" என்றேன்.

"அவிய போயிட்டா ஒங்க மகனத் தூக்குல போட்டிருவாவன்னு போலீஸ்காரரு சொல்லுதாரு. உள்ளதா?"

"ஆமா."

அவள் எழுந்து சேலையைத் தட்டிக்கொண்டாள். "அப்பம் நல்லா கும்பிடுங்கோ. என்னய விட ஒங்களுக்குத்தான் அவசரம்."

அதில் கேலி இல்லை, கோபம்கூட அதிகம் இல்லை. உள்ளதைச் சொன்னாள். அதற்குப் பிறகு என்னால் ஒழுங்காகக் கும்பிட முடியவில்லை. செல்லையன் என்று தொடங்குவேன், அவர் மூச்சு நிற்கக் கூடாது என்பேன், அடுத்த நொடியே கயிறு கண்ணில் தெரியும். கயிறு தெரியாமல் அவரை மட்டும் நினைக்க முயல்வேன். முடியாது. ஒரு மனிதன் பிழைக்க வேண்டும் என்று இரவும் பகலும் வேண்டிக்கொண்டு, அந்த வேண்டுதலுக்காகவே வெட்கப்படுவது எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும்.

விஷம் ஏறியதுபோலவே மெதுவாக இறங்கியது. வளைவது குறைந்தது. பிறகு வளைந்தாலும் சீக்கிரம் தளர்ந்தது. சிஸ்டர் தினமும் மெல்லிய மரக்குச்சிகளைச் சேர்த்துச் சேர்த்துப் பல்லிடையில் நுழைத்துப் பார்ப்பாள். ஒரு குச்சி, அப்புறம் இன்னொன்று கூட. ஒருநாள் அவள் வெளியே வந்து விரலை நிமிர்த்திக் காட்டினாள். விரல் போகிறதாம். பகவதி அப்படியே வராந்தாவில் உட்கார்ந்தாள். அவளுக்குப் பசித்தது. என் தம்பி வைத்துவிட்டுப் போயிருந்த தூக்குச்சட்டியை இழுத்துத் திறந்து, கையைக்கூடக் கழுவாமல் அள்ளித் தின்றாள். பாதியில் நிமிர்ந்து, "தொவையல்ல உப்பு கம்மி. ஒங்க தம்பிக்க பொண்டாட்டிகிட்டச் சொல்லுங்கோ" என்றாள்.

செல்லையனுக்கு வாய் திறந்ததும் அவர் கேட்டது தண்ணீர் இல்லை.

"ஏட்டி, எனக்க வில்லை எங்க?"

"இங்கனதான் இருக்கு" என்று பகவதி இடுப்பிலிருந்து எடுத்துக் காட்டினாள். அத்தனை நாளும் அதைச் சேலையில் தேய்த்துத் தேய்த்துப் பளபளவென்று வைத்திருந்தாள்.

"தொலைச்சிராத. தொலைஞ்சா சம்பளத்துல பிடிச்சிருவாவ."

"அதுக்கா மனுசா அதக் கட்டிப் பிடிச்சிக்கிட்டு நின்னீரு?"

"பின்ன? குடுத்திட்டா பார்வத்தியக்காரருக்கு யாரு சமாதானம் சொல்லுகது?"

பகவதி சிரித்துவிட்டாள், பிறகு அழுதாள். வாசலில் நின்ற என்னை அவர் அப்போதுதான் பார்த்தார். கும்பிடக் கை எழவில்லை. கரகரத்த குரலில் சொன்னார்: "டீச்சரம்மா, அந்தத் துப்பாக்கிய ஒப்படைச்சிருங்கோன்னு நான் ரெண்டு மட்டம் வந்து சொன்னம்லா."

குற்றம் சாட்டவில்லை. ஆபீஸ் வேலை ஒன்று பாக்கி நின்றதை நினைவுபடுத்தினார்.

தாணுவுக்குச் சிறை. தூக்கு இல்லை. தீர்ப்பு வந்த அன்று நான் தலையணையில் தலை வைத்ததும் தூங்கிவிட்டேன். காலையில் எழுந்தபோது, செல்லையனை ஒருமுறைகூட நினைக்காமல் தூங்கியிருக்கிறேன் என்பது உறைத்தது. யாருக்குக் கும்பிடுதியோ என்று பகவதி கேட்டதற்குப் பதில் கிடைத்துவிட்டது என்று நினைத்தேன். அதற்குப் பிறகு அவர்கள் வீட்டுத் தெரு வழியே நான் நடக்கவில்லை. பள்ளிக்கூடத்துக்குச் சுற்றிக்கொண்டு போனேன்.

போன மழையில் ஒருநாள், பள்ளி விட்டுப் பிள்ளைகள் போய்க்கொண்டிருந்தபோது பகவதி வாசலில் நனைந்துகொண்டு நின்றாள்.

"அவியளுக்குக் காய்ச்சல். தாடை வலிக்குன்னு சொல்லுதாவ. எனக்குப் பயமா இருக்கு. நீங்கதான் அந்த மொகத்தக் கண்டிருக்கியோ."

குடையை எடுக்க மறந்து அவளோடு ஓடினேன். தெருவில் முழங்கால் வரை தண்ணீர். போகிற வழியெல்லாம் என் உதடு அசைந்துகொண்டே இருந்திருக்க வேண்டும்.

"என்னத்த முணுமுணுத்துக்கிட்டு வாறியோ?" என்றாள்.

"கும்பிடுதேன்."

"யாருக்கு?"

இந்தத் தடவை செல்லையன் பிழைத்தாலும் பிழைக்காவிட்டாலும் என் மகனுக்குக் கூடுவதோ குறைவதோ ஒன்றும் இல்லை. தாணு நினைவுக்கே வந்திருக்கவில்லை. அவள் கேட்ட பிறகுதான் வந்தான்.

"செல்லையனுக்கு" என்றேன்.

அவள் மழையில் நின்று என் முகத்தைப் பார்த்தாள். நம்பினாளா என்று தெரியவில்லை. நானே முழுக்க நம்பினேனா என்றும் தெரியவில்லை. "காலக் கழுவிட்டு உள்ள வாருங்கோ" என்றாள். எத்தனையோ வருஷமாக ஒரே ஊரில் இருந்தும் அந்த வீட்டுக்குள் நான் போனதில்லை.

செல்லையன் கட்டிலில் போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருந்தார். ஒரு கன்னம் வீங்கியிருந்தது. நனைந்து ஒழுகிக்கொண்டு நான் நின்ற கோலத்தைப் பார்த்ததும் உதடு இரண்டு பக்கமும் விரிந்தது, பல் தெரிந்தது.

"வாயத் திறங்கோ" என்றேன், வகுப்பில் அதட்டுவதுபோல. அவரும் பயந்துபோய்த் திறந்தார். நன்றாகவே திறந்தது. உள்ளே கடைவாய்ப் பல் ஒன்று சொத்தையாகி ஈறு சிவந்திருந்தது.

"பல்லுவலிதானா?" என்றாள் பகவதி. "சவத்த, மனுசனுக்க உயிர வாங்கிட்டீரே!"

செல்லையன் மறுபடியும் என்னைப் பார்த்து அதேபோல உதட்டை விரித்தார். நான் மறுபடியும் வாயைத் திறக்கச் சொல்லப் போனேன். பகவதி என் தோளைத் தொட்டாள்.

"நல்லா பாருங்கோ டீச்சரம்மா. இது சிரிப்புதான்."

நான் பார்த்துக்கொண்டே நின்றேன்.